மீண்டும் நோயாளர் அருகில்

உரைநடை உலகம்

நுழையும்முன்

நீச்சல் கற்றவர் பல ஆண்டுகளுக்குப் பின் ஆற்றில் இறங்கினாலும் கைகால்கள் தாமாகவே அசையும் என்பர். ஆனால், அதற்குள் ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? மருத்துவமனையின் படுக்கையருகே நின்று பணியாற்றிய செவிலியர் பலர், குடும்பச் சூழலாலோ வேறு பணியாலோ அப்பணியை விட்டு விலகுகின்றனர். சில ஆண்டுகள் கழித்து அவர்களுள் சிலர் திரும்பி வருகின்றனர். அவர்களை வரவேற்கும் நோயாளரின் உயிர், அவர்களது நினைவாற்றலையும் புதியன கற்கும் பணிவையும் ஒருங்கே நம்பியிருக்கிறது. அத்தகைய மீள்வருகையைப் பழனிமலைத் தொடரின் பின்னணியில் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

மலையும் மருத்துவமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குக் கிளையாக நீண்டு கிடப்பது பழனிமலைத் தொடர். அதன் அடிவாரத்தில் பழனி. அதன் உயரத்தில், ஏறத்தாழ 2,100 மீட்டர் மேலே, கோடைக்கானல். பழனிக் குன்றின் முருகன் திருவுருவைப் போகர் என்னும் சித்தர் மருந்துப் பொருள்களால் வடித்தார் என்று மரபு கூறும். மருந்தையும் மலையையும் இணைத்துப் பார்க்கும் வழக்கம் இம்மண்ணில் அத்துணைப் பழையது.

கோடைக்கானலில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் 1845ஆம் ஆண்டில் குடியேறினர். அக்காலத்தில் மலையேற வண்டிப்பாதை இல்லை. நடந்தோ, குதிரையிலோ, ஆள்கள் சுமக்கும் டோலியிலோதான் மேலே செல்ல முடியும். மலைச்சாலை பின்னரே பயன்பாட்டிற்கு வந்தது. எனினும், அண்மைக்காலத்திலும் வெள்ளகவி போன்ற மலைச்சிற்றூர்களிலிருந்து நோயுற்றோரைக் காட்டுவழியே டோலி கட்டித் தூக்கி வரும் நிலை இருந்ததை நாளிதழ்களில் படித்திருப்போம். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் முதலிய ஊர்களின் மக்கள் பெரிய மருத்துவமனையை அடைய வளைவு நிறைந்த சாலைகளில் நெடுநேரம் பயணம் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவும் மரம் விழுவதும் அப்பயணத்தை மேலும் நீட்டும்.

சமவெளியில் ஒரு மருத்துவமனையில் செவிலியர் பற்றாக்குறை என்றால் அடுத்த தெருவிலுள்ள மருத்துவமனையை நாடலாம். மலையில் அடுத்தது என்பது அடுத்த மலைமுகட்டிற்கு அப்பால் இருக்கிறது. ஆகவே, பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் வீட்டிலிருந்து மீண்டும் பணிக்கு வருவது மலைமக்களுக்கு ஒரு சாலை புதிதாய் அமைவதற்கு நிகரானது.

உழைச்செல்வார்

நோயாளரின் பக்கத்தில் நின்று பணிசெய்வோரைத் தமிழ் நெடுங்காலமாக அறியும். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் 95ஆவது அதிகாரமாகும். அதன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வள்ளுவர் பகுக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக ‘உழைச்செல்வான்’ என்பவரையும் அவர் சேர்க்கிறார். ‘உழை’ என்பதற்குப் பக்கம் என்பது பொருள். பக்கத்தில் இருந்து மருந்தைப் பக்குவமாக அளிப்பவரே உழைச்செல்வார். மருத்துவர் வந்து பார்த்துச் செல்வார். மருந்து பேழையில் இருக்கும். இரவு முழுவதும் பக்கத்தில் இருப்பவர் உழைச்செல்வார்தாம்.

‘செவிலி’ என்னும் சொல்லோ அக இலக்கியத்தில் தலைவியை வளர்க்கும் தாயைக் குறிப்பது. பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலி. தான் பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பேணும் அப்பண்பைக் கருதியே மருத்துவமனைப் பணியாளருக்குச் ‘செவிலியர்’ என்னும் பெயர் பொருந்தி வந்தது.

[தெரிந்து தெளிவோம்
காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து இயங்கிய ஆதுலசாலை ஒன்றைக் குறிப்பிடுகிறது. ‘வீரசோழன்’ என்னும் பெயர் கொண்ட அம்மருத்துவமனையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர், அறுவை மருத்துவம் செய்பவர், மூலிகை கொண்டுவருவோர் ஆகியோருடன் நோயாளரைப் பேணும் பெண்கள் இருவரும் அங்குப் பணியாற்றினர். அவர்களுக்கு ஊதியமாக நெல் வழங்கப்பட்டது.]

புதுமுறைச் செவிலியர் கல்வியிலும் தமிழகம் முன்னின்றது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871ஆம் ஆண்டில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் நிறுவிய மருத்துவமனையில் 1909ஆம் ஆண்டில் செவிலியர் பள்ளி உருவானது. 1946ஆம் ஆண்டில் அங்குச் செவிலியர் பட்டப்படிப்பும் தொடங்கப்பெற்றது. எண்ணற்ற செவிலியர் உருவாக வழிவகுத்த ஐடா ஸ்கடர், தம் ஓய்வுக்காலத்தைக் கழித்த இடம் கோடைக்கானலே. அங்கிருந்த தம் இல்லத்திலேயே 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் இயற்கை எய்தினார்.

விலகலும் மீளலும்

செவிலியர் படுக்கையோரப் பணியை விட்டு விலகுவதற்குக் காரணங்கள் பல. திருமணம், மகப்பேறு, முதிய பெற்றோரைப் பேணுதல், கணவரின் பணியிட மாற்றம் என்பன பெரும்பான்மை. இரவுப்பணி உடலுக்கு ஒவ்வாமற்போவதும் உண்டு. சிலர் கற்பித்தல் பணிக்கோ அலுவலகப் பணிக்கோ பள்ளியின் உடல்நலப் பொறுப்பிற்கோ செல்கின்றனர். இவர்கள் துறையை விட்டு விலகவில்லை. நோயாளரின் படுக்கையை விட்டே விலகினர். ஆயினும், படுக்கையருகே மட்டும் கற்கக்கூடிய கைத்திறன் அவர்களிடத்தும் மெல்ல மங்குகிறது.

மீண்டு வருவதற்கும் காரணங்கள் உள. பிள்ளைகள் வளர்ந்துவிடுவர். குடும்பத்திற்கு வருவாய் தேவைப்படும். சிலருக்கோ, தாம் கற்ற கல்வி பயன்படாமல் கிடக்கிறதே என்னும் ஏக்கம். ஆனால், திரும்பும் வழியில் அச்சம் ஒன்று காத்திருக்கிறது. ‘மறந்திருப்பேனோ? என் பிழையால் ஓர் உயிர் துன்புறுமோ? என் மகள் வயதுடையவர்முன் தெரியவில்லை என்று சொல்லி நிற்பேனோ?’ என்னும் இவ்வச்சம் கோழைத்தனம் அன்று. பிறர் உயிரின் மதிப்பை அறிந்தவருக்கே இவ்வச்சம் தோன்றும்.

உலகம் அழைத்த ஆண்டு

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டுகள் நிறைவதை முன்னிட்டு, 2020ஆம் ஆண்டைச் செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆண்டாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. அவ்வாண்டு அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ 2 கோடியே 79 இலட்சம் செவிலியர் உள்ளனர் என்றும், இன்னும் 59 இலட்சம் பேர் தேவைப்படுகின்றனர் என்றும் கூறியது. கொண்டாட்டத்திற்குரிய அந்த ஆண்டு கொரோனா பெருந்தொற்றின் ஆண்டாக மாறியது. பணியை விட்டு விலகிய செவிலியரை நாடுகள் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கின.

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சு இறுதியில் ஓய்வுபெறவிருந்த மருத்துவர், செவிலியர் முதலியோரின் பணிக்காலம் நீட்டிக்கப்பட்டது. பிரித்தானியாவில் தற்காலிகப் பதிவேடு ஒன்று திறக்கப்பட்டது. முதலில் மூன்று ஆண்டுகளுக்குள் பதிவிலிருந்து விலகியோரும், பின்னர் ஐந்து ஆண்டுகள்வரை விலகியிருந்தோரும் அழைக்கப்பட்டனர். கடும் நெருக்கடியிலும் விலகியிருந்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்தே அழைத்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது. இடைவெளி நீள நீள, மீள்பயிற்சியின் தேவையும் மிகும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

மும்பையின் மேயராக அப்போது பொறுப்பு வகித்த கிஷோரி பெட்னேகர், அரசியலுக்கு வருமுன் செவிலியராகப் பணியாற்றியவர். 2020 ஏப்ரல் மாதத்தில் அவர் செவிலியர் சீருடையை மீண்டும் அணிந்து, மாநகராட்சியின் நாயர் மருத்துவமனைக்குச் சென்றார். அங்குப் பணியாற்றிய செவிலியருக்கு ஊக்கமூட்டினார். அந்த ஒரு காட்சி நாடு முழுவதும் பேசப்பட்டது. சீருடை மீண்டும் உடலில் ஏறுவதற்குச் சில நிமிடங்கள் போதும். அப்பணி மீண்டும் கையில் ஏறுவதற்கோ பல வாரங்கள் தேவை. அந்த வாரங்களைப் பற்றியே இனி நாம் காண இருக்கிறோம்.

மாறியவை

பத்துப் பதினைந்து ஆண்டுகள் விலகியிருந்த ஒருவரை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். அவருக்குப் பெயர் வேண்டா. அவரைப் போன்றோர் பலர். மலைநகரத்து மருத்துவமனை ஒன்றில் அவர் மீண்டும் அடியெடுத்து வைக்கிறார். முதல்நாள் காய்ச்சல் பார்க்க வெப்பமானியைக் கையில் எடுத்ததும், மணிக்கட்டை ஒருமுறை உதறுகிறார். அது மின்னணு வெப்பமானி, உதற வேண்டியதில்லை. பாதரசத்தைக் கீழிறக்கப் பழகிய கை, தன் பழக்கத்தை மறக்கவில்லை.

பாதரச வெப்பமானியின் வரலாற்றில் கோடைக்கானலுக்கும் ஓர் இடம் உண்டு. 1980களில் இங்குத் தொடங்கப்பெற்ற வெப்பமானித் தொழிற்சாலை, பாதரச மாசு குறித்து எழுந்த எதிர்ப்பால் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பாதரசம் மண்ணையும் நீரையும் உடலையும் கெடுக்கும் என்பதை உணர்ந்த உலக நாடுகள் 2013ஆம் ஆண்டில் மினமாட்டா உடன்படிக்கையை ஏற்றன. பாதரச வெப்பமானியும் பாதரச இரத்த அழுத்தமானியும் மருத்துவமனைகளிலிருந்து படிப்படியாக விடைபெறலாயின.

மாற்றம் கருவியோடு நிற்கவில்லை. இதயம் நின்றவருக்கு முதலுதவி அளிக்கும்போது, முதலில் காற்றுவழியைச் சீராக்கி, பின்பு மூச்சளித்து, அதன்பின் மார்பை அழுத்த வேண்டும் என்று முன்பு கற்பித்தனர். 2010ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் அவ்வரிசையை மாற்றி, மார்பை அழுத்துவதையே முதலில் வைத்தது. 15 அழுத்தத்திற்கு 2 மூச்சு என்றிருந்த பழைய விகிதம் 2005ஆம் ஆண்டிலேயே 30க்கு 2 என மாறிவிட்டது. நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பது இன்றைய நெறி. பழைய பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பவர் இங்குத் தவறிவிடுவார். நினைவாற்றல் சிறப்பாக இருப்பதே இடையூறாக மாறும் இடம் இது.

கழிவுகளை அகற்றும் முறையும் மாறியது. உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 1998ஆம் ஆண்டில் வந்தன. 2016ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டன. குருதி தோய்ந்த பஞ்சும் துணியும் மஞ்சள் நிறப் பைக்குரியவை. நெகிழிக் குழாய்கள் சிவப்புக்குரியவை. ஊசி முதலிய கூர்ம்பொருள்கள் துளைபடாத வெள்ளைக் கலத்திற்குரியவை. கண்ணாடிப் பொருள்கள் நீலத்திற்குரியவை. பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிடுதல் கூடாது. மூடியிட முயலும்போதே விரலில் குத்தி நோய் தொற்றும் என்பதால் எழுந்த விதி இது.

[தெரிந்து தெளிவோம்
கை தூய்மை செய்ய வேண்டிய ஐந்து தருணங்கள்
1. நோயாளரைத் தொடுவதற்கு முன்
2. தூய்மை பேண வேண்டிய செயலைத் தொடங்குவதற்கு முன்
3. உடல்நீர்மங்கள் பட வாய்ப்புள்ள செயலுக்குப் பின்
4. நோயாளரைத் தொட்ட பின்
5. நோயாளரின் சுற்றுப்புறத்தைத் தொட்ட பின்
இவற்றை உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்துள்ளது.]

ஓர் இரவுப்பணி

மீண்டு வந்த அச்செவிலியரின் ஓர் இரவுப்பணியைக் கற்பனையில் காண்போம். மார்கழி மாதம். வெளியே பனி. மன்னவனூர்ப் பக்கத்திலிருந்து முதியவர் ஒருவர் இருமலும் காய்ச்சலுமாக அழைத்து வரப்படுகிறார். அவருக்கு நீரிழிவும் உண்டு. உடன் பணியிலிருப்பவர் அண்மையில் படிப்பை முடித்த இளம் செவிலியர். அவர் ஆக்சிசன் அளவு காட்டும் கருவியை முதியவரின் விரலில் மாட்டுகிறார். திரையில் 84 என்னும் எண். இளையவர் பதறுகிறார்.

மூத்தவருக்கு அக்கருவி புதிது. ஆனால், முதியவரின் விரலைத் தொட்டதும் ஒன்று தெரிகிறது. விரல் பனிக்கட்டிபோல் குளிர்ந்திருக்கிறது. குளிரில் விரல்களுக்குக் குருதியோட்டம் குறைந்தால் அக்கருவி பிழையான அளவைக் காட்டக்கூடும் என இளையவர் பாடத்தில் படித்ததை நினைவுகூர்கிறார். மூத்தவர் முதியவரின் கையைத் தம் இரு கைகளுக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்குகிறார்.

“கை சுடச்சுட இருக்குதே தாயி” என்கிறார் முதியவர்.

மீண்டும் அளந்தபோது எண் 91 ஆகிறது. இளையவர் பெருமூச்சு விடுகிறார். ஆனால், மூத்தவர் இன்னும் அமைதியடையவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி முதியவரின் மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுகிறார். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை மூச்சு இருப்பது இயல்பு. இவருக்கு 30. கோடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே என்பதால், இங்கு வாழ்வோரின் ஆக்சிசன் அளவு சற்றுக் குறைந்தே இருக்கும். ஆயினும், மூச்சின் வேகம் பொய் சொல்லவில்லை.

“கருவி பயப்படச் சொன்ன அளவுக்குப் பயம் இல்லை, ஆனாலும் பயப்பட வேண்டியதுதான். டாக்டரைக் கூப்பிடும்மா” என்கிறார் மூத்தவர். இளையவர் மருத்துவரை அழைத்து, நோயாளரின் இப்போதைய நிலை, முன்வரலாறு, தாம் கண்டது, தமக்குத் தேவைப்படுவது என வரிசைப்படுத்திச் சில வரிகளில் கூறிவிடுகிறார். அந்த ஒழுங்கான கூற்றுமுறை மூத்தவருக்குப் புதிது. ஆக்சிசன் பொருத்தப்படுகிறது, சிகிச்சை தொடங்குகிறது.

விடியும் நேரம். முதியவருக்கு 20 அலகு இன்சுலின் செலுத்த வேண்டும் என மருத்துவர் குறித்திருக்கிறார். மூத்தவர் குளிர்பெட்டியிலிருந்து இன்சுலின் புட்டியை எடுக்கிறார். தட்டிலிருந்த சிவப்பு மூடி ஊசிக்குழலையும் எடுக்கிறார். அவர் முன்பு பணியாற்றிய இடத்தில் எப்போதும் அதுவே பயன்பட்டது. 20 என்னும் கோடுவரை மருந்தை இழுக்கக் கை போகிறது. அந்தக் கணத்தில் அவர் நிற்கிறார். புட்டியின் சிட்டையை ஒருமுறை படிக்கிறார். பிறகு ஊசிக்குழலைப் பார்க்கிறார். ஏதோ பொருந்தவில்லை என்பது மட்டும் தெரிகிறது. என்ன என்று தெரியவில்லை.

கேட்கலாமா, வேண்டாவா? கேட்டால் இளையவர் தம்மைப் பற்றி என்ன எண்ணுவார்? ஒரு மூச்சளவு நேரம்தான் அத்தயக்கம்.

“இதைக் கொஞ்சம் பாரும்மா. எனக்குச் சரியாத் தெரியல.”

இளையவர் பார்க்கிறார். “அக்கா, புட்டியில ஒரு மில்லிலிட்டருக்கு நூறு அலகு. இந்த ஊசிக்குழல் நாற்பதுக்கு உள்ளது. ஆரஞ்சு மூடி போட்டது எடுங்க.”

அந்த வேறுபாட்டின் பொருள் என்ன? 40 அலகிற்குரிய ஊசிக்குழலில் 20 என்னும் கோடு அரை மில்லிலிட்டரைக் குறிக்கும். மில்லிலிட்டருக்கு 100 அலகு செறிவுடைய மருந்தை அக்கோடுவரை இழுத்தால் உள்ளே செல்வது 50 அலகு. அதாவது, வேண்டிய அளவைப்போல் இரண்டரை மடங்கு. குருதியில் சர்க்கரை சரிந்து, அம்முதியவர் நினைவிழந்திருக்கக்கூடும். அதற்கு மேலும் நேர்ந்திருக்கலாம். அதனைத் தடுத்தது பெரிய அறிவன்று. ‘எனக்குத் தெரியவில்லை’ என்னும் எளிய வாக்கியமே.

மாறாதவை

கருவியும் விதியும் மாறினும் மாறாதன சில உண்டு. மருந்து கொடுக்குமுன் ஐந்து சரிகளைப் பார்க்க வேண்டும். சரியான நோயாளர், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்னும் அவ்வைந்தும் அன்றும் இன்றும் ஒன்றே. மூத்தவரின் கையை அந்தக் கணத்தில் நிறுத்தியது அப்பழைய ஒழுங்குதான்.

கணக்கும் மாறவில்லை. 500 மில்லிலிட்டர் நீர்மத்தை 4 மணி நேரத்தில் சிரைவழியே செலுத்த வேண்டும். மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாய் எனக் கொள்வோம். மொத்தச் சொட்டு 10,000. மொத்த நிமிடம் 240. எனவே, நிமிடத்திற்கு ஏறத்தாழ 42 சொட்டு. மின்தடை ஏற்பட்டுக் கருவி நின்றாலும் கைக்கடிகாரத்தோடு இக்கணக்கைச் செய்யத் தெரிந்தவர் நோயாளரைக் காப்பார்.

எல்லாவற்றினும் மேலாக மாறாதது தொடுகை. குளிர்ந்த கையைத் தொட்டு அறிவது, முகத்தின் வாட்டத்தைக் கண்டு கேட்பது, படுக்கையில் நெடுநாள் கிடப்பவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்துப் புண் வாராமல் காப்பது, இரவில் உறங்காதவரிடம் இரண்டு சொல் பேசுவது ஆகியன எந்தக் கருவிக்கும் கைவராதவை. வீட்டில் முதிய மாமியாரைப் பேணிய ஆண்டுகளிலும், பிள்ளையின் காய்ச்சலுக்கு விழித்திருந்த இரவுகளிலும் அச்செவிலியர் இத்திறனை இழக்கவில்லை. ஒருவகையில் வளர்த்துக்கொண்டார் எனலாம்.

திரும்பும் பாதை

அமெரிக்கச் செவிலியர் அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், செவிலியரின் திறன் வளரும் ஐந்து நிலைகளை விளக்கினார். புதியவர், முன்னேறும் தொடக்கநிலையர், தகுதியாளர், தேர்ச்சியாளர், வல்லுநர் என்பன அவை. ஒரு களத்தில் வல்லுநராக இருப்பவரும், முன்னறியாத களத்தில் நுழையும்போது புதியவர் நிலையிலேயே தொடங்க வேண்டியிருக்கும் என்று அவர் குறிப்பிட்டார். ஆகவே, மீண்டு வருபவர் சில வாரங்கள் புதியவராக இருப்பது இழுக்கன்று, அதுவே இயல்பு.

அப்பாதையில் நடப்பதற்கு முறையான படிகள் உள்ளன. முதற்படி பதிவு. தமிழ்நாட்டில் செவிலியரின் பதிவு 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த மாநிலக் குழுமத்தின் பொறுப்பில் உள்ளது. நாடளவில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இந்தியச் செவிலியர் குழுமம் உருவானது. 2023ஆம் ஆண்டில் தேசியச் செவிலியம் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையத்திற்கான புதிய சட்டம் இயற்றப்பட்டது. பதிவு காலாவதியாகியிருப்பின் அதனைப் புதுப்பித்த பின்னரே நோயாளரைத் தொட வேண்டும்.

இரண்டாம் படி மீள்பயிற்சி. முதலுதவி, தொற்றுத் தடுப்பு, மருந்தளவுக் கணக்கு, புதிய கருவிகள் ஆகியவற்றைச் செய்முறையாகப் பழகுதல் வேண்டும். மூன்றாம் படி, ஒருவர் உடனிருந்து வழிகாட்ட, குறைந்த எண்ணிக்கையிலான நோயாளரைக் கவனித்தல். முதல் வாரத்திலேயே இரவுப்பணியில் தனியே விடுவது மீண்டு வந்தவருக்கும் நல்லதன்று, நோயாளருக்கும் நல்லதன்று. நான்காம் படி அவரவர் கையில் உள்ளது. நாள்தோறும் கற்றதைக் குறிப்பேட்டில் எழுதுவதும், ஐயம் தோன்றியபோது கேட்பதும் அதில் அடங்கும்.

மருத்துவமனைக்கும் இதில் கடமை உண்டு. கேள்வி கேட்பவரைப் பார்த்துச் சிரிக்கும் இடத்தில் பிழைகள் மறைக்கப்படும்; மறைக்கப்பட்ட பிழை மீண்டும் நிகழும். கேட்பவரை மதிக்கும் இடத்தில் பிழைகள் ஊசிக்குழலிலேயே நின்றுவிடும். நோயாளரின் உடலுக்குள் செல்லா.

நிறைவாக

அவ்விரவின் இறுதியில் யார் யாருக்குக் கற்பித்தார்? விரலின் குளிரையும் மூச்சின் எண்ணிக்கையையும் மூத்தவர் காட்டினார். கருவியின் இயல்பையும் புட்டியின் செறிவையும் இளையவர் காட்டினார். இருவருள் ஒருவர் இல்லாவிடினும் அம்முதியவரின் விடியல் வேறாக இருந்திருக்கும்.

மாணவர்களே, உங்களுள் சிலர் தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம் பயில்கிறீர்கள். வேறு சிலரின் வீட்டில், கற்ற கல்வியை ஒதுக்கிவைத்துவிட்டு உங்களை வளர்த்த தாய் இருக்கலாம். அவர் ஒருநாள் தம் பழைய சான்றிதழை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசு தட்டினால், அவருக்கு இடம் விடுங்கள். கற்ற கல்வி முழுவதும் கையைவிட்டுப் போவதில்லை. முழுவதும் அப்படியே இருப்பதும் இல்லை. எது போயிற்று, எது இருக்கிறது என்பதை அஞ்சாமல் எண்ணிப் பார்ப்பவரே நோயாளர் அருகில் நிற்கத் தகுதியுடையவர்.

சொல்லும் பொருளும்

உழை – பக்கம். ஆதுலர் – நோயாளர். நற்றாய் – பெற்ற தாய். செவிலி – வளர்ப்புத்தாய். சிரை – உடலிலிருந்து இதயத்திற்குக் குருதியைக் கொண்டுசெல்லும் குழாய். சிட்டை – விவரச் சீட்டு. இழுக்கு – குறை

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோ பணிபுரியும் செவிலியர் ஒருவரைச் சந்தித்து, தம் பணிக்காலத்தில் அவர் கண்ட மாற்றங்களைக் கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.
2. பணியை விட்டு விலகிச் சில ஆண்டுகளுக்குப்பின் திரும்பியவர் (ஆசிரியர், தையற்கலைஞர், ஓட்டுநர் முதலியோர்) ஒருவரிடம் நேர்காணல் நிகழ்த்துவதற்கான வினாநிரலை உருவாக்குக.
3. ‘தெரியவில்லை என்று சொல்வது அறிவின் குறையா, நிறையா?’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ‘உழைச்செல்வான்’ என்னும் சொல் இடம்பெறும் திருக்குறள் அதிகாரம்
அ) மருந்து ஆ) அருளுடைமை இ) ஊக்கமுடைமை ஈ) கல்வி

2. பொருத்துக.
1) மஞ்சள் – அ) கூர்ம்பொருள்கள்
2) சிவப்பு – ஆ) கண்ணாடிப் பொருள்கள்
3) வெள்ளை – இ) குருதி தோய்ந்த பஞ்சு
4) நீலம் – ஈ) நெகிழிக் குழாய்கள்

குறுவினா

1. செவிலியருக்கு அப்பெயர் பொருந்தி வந்தமைக்குக் காரணம் யாது?
2. திருமுக்கூடல் கல்வெட்டு குறிப்பிடும் மருத்துவமனை குறித்து எழுதுக.
3. மருந்து கொடுக்குமுன் பார்க்க வேண்டிய ஐந்து சரிகள் யாவை?

சிறுவினா

1. ‘நினைவாற்றல் சிறப்பாக இருப்பதே இடையூறாக மாறும் இடம்’ – இத்தொடர் உணர்த்தும் கருத்தை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. 1,000 மில்லிலிட்டர் நீர்மத்தை 8 மணி நேரத்தில் செலுத்த வேண்டும். மில்லிலிட்டருக்கு 20 சொட்டு எனின், நிமிடத்திற்கு எத்தனை சொட்டு? இக்கணக்குத்திறன் செவிலியருக்கு ஏன் தேவை?
3. மலைப்பகுதிகளில் செவிலியரின் மீள்வருகை பெறும் முதன்மையை விளக்குக.

நெடுவினா

1. நெடுநாள் இடைவெளிக்குப் பின் படுக்கையோரப் பணிக்குத் திரும்பும் செவிலியர் எதிர்கொள்ளும் மாறியவற்றையும் மாறாதவற்றையும் பாடப்பகுதிவழித் தொகுத்தெழுதுக.
2. ‘மூத்தோர் அனுபவமும் இளையோர் அறிவும் இணைந்தால் உயிர் காக்கப்படும்’ – இக்கூற்றை ‘ஓர் இரவுப்பணி’ என்னும் பகுதியைக் கொண்டு நிறுவுக.